கொடுவாவுக்கு ஊசி போடலாமா? முதலில் கிருமியைப் பிடியுங்கள்

மட்டக்களப்பு வாவியில் மிதக்கும் கூட்டில் கொடுவா வளர்க்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் கையளவு மீன்கள் கண் பிதுங்கி, சுற்றிச் சுற்றி நீந்திச் சாகின்றன. அம்பாறைப் பக்கம் குளத்துக் கூட்டில் திலாப்பியா வளர்க்கும் அவருடைய மச்சானுக்கும் அதே கதை. தீனியில் மருந்து கலந்து பார்த்தும் சாவு நிற்கவில்லை. நோர்வேயில் மீனுக்கு ஊசி போடுகிறார்களாம், நமக்கு ஏன் இல்லை, இங்கேயே செய்துகொள்ள முடியாதா என்று கேட்கிறார்.

தம்பி, முடியும். கொன்ற பக்டீரியாவை வைத்துச் செய்யும் மீன் தடுப்பூசி அப்படியொன்றும் எட்டாத தொழில்நுட்பம் இல்லை. ஆனால் ஊசிமருந்து தயாரிப்பது கடைசி வேலை. அதற்கு முன் உங்கள் மீனைக் கொல்லுவது எந்தக் கிருமி, அதிலும் எந்த வகை என்று தெரிய வேண்டும். அந்தக் கிருமியை உயிரோடு பிடித்துக் குளிரில் பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் தவறிப்போவது இந்த இடம்தான். அதனால் இந்தப் பதிலில் அதைப் பற்றியே கூடுதலாகப் பேசப்போகிறேன்.

முதலில் தீனி மருந்து ஏன் கைகொடுக்கவில்லை என்று பார்ப்போம். நோய்ப்பட்ட மீன் முதலில் கைவிடுவது தீனியைத்தான். ஒட்சிடெட்ராசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் கலந்த தீனியை ஓடிவந்து தின்பவை எல்லாம் இன்னும் நோய் முற்றாத மீன்கள். சுற்றிக்கொண்டு திரியும் மீன் அந்தப் பக்கம் திரும்பியும் பாராது. தின்னாமல் விட்ட தீனி கூட்டுக்கடியில் விழுந்து சேற்றில் கரைகிறது. அங்கே இருக்கிற பக்டீரியாக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மருந்துக்குப் பழகிப்போகின்றன. அடுத்த வருடம் அதே மருந்தை இரண்டு மடங்கு போட்டாலும் ஒன்றும் நடக்காது. மீனின் சதையில் மருந்து மிச்சமிருந்தால் ஏற்றுமதியிலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நோய் வந்தபின் மருந்து தேடி ஓடுவதை விட்டு, வருமுன் காக்க நினைக்கிறீர்களே, அது மிகச் சரியான யோசனை.

நோர்வேக் கதை உண்மைதான். 1987ஆம் ஆண்டில் அங்கே சால்மன் பண்ணைகளில் கிட்டத்தட்ட 50 தொன் அன்டிபயோட்டிக் கொட்டினார்கள். அப்போது அவர்களின் மொத்த உற்பத்தியே ஏறக்குறைய 50,000 தொன் மீன்தான். இன்று உற்பத்தி 10 இலட்சம் தொன்னைத் தாண்டிவிட்டது, மருந்தோ ஒரு தொன் அளவுக்கும் கீழே இறங்கிவிட்டது. இதில் பெரிய பங்கு 1990களின் தொடக்கத்தில் வந்த எண்ணெய் கலந்த ஊசி மருந்துக்கு உண்டு. ஆனால் ஊசியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது நியாயமில்லை. அவர்கள் கூடுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். ஒரே இடத்தில் பெரிய மீனையும் குஞ்சையும் சேர்த்து வளர்ப்பதை விட்டார்கள். அறுவடைக்குப் பிறகு அந்த இடத்தைக் கொஞ்ச காலம் வெறுமையாக விட்டார்கள். ஊசியை இறக்குமதி செய்துவிட்டு இவற்றை விட்டுவிட்டால் நோர்வேக்குக் கிடைத்த பலன் நமக்குக் கிடைக்காது.

மீனுக்குத் தடுப்பூசி என்ற எண்ணமே புதிது இல்லை. 1942இல் கனடாவில் டஃப் என்ற ஆய்வாளர், குளோரோபோமினால் கொன்ற பக்டீரியாவை ட்ரவுட் மீனுக்குத் தீனியோடு ஊட்டி, நோயிலிருந்து பாதுகாப்புக் கிடைப்பதைக் காட்டினார். அப்புறம் சல்பா மருந்துகளும் அன்டிபயோட்டிக்குகளும் வந்தன. மருந்து மலிவாகக் கிடைத்ததும் தடுப்பூசியைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். யெர்சினியா ருக்கேரி என்ற கிருமியால் வரும், வாய் சிவந்துபோகும் நோய்க்கு எதிராக அமெரிக்காவில் முதல் மீன் தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தது 1976இல்தான். இடையில் முப்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது. நம் பண்ணைகளும் இப்போது அந்த மலிவு மருந்துக் காலத்தில்தான் நிற்கின்றன.

சரி, உங்கள் மீனுக்கு வருவோம். சூடான நாட்களில், கண் பிதுங்கி, கண் வெள்ளை பூத்து, நிலைதடுமாறிச் சுற்றும் மீன் என்றால் ஸ்ட்ரெப்டோகொக்கஸைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கொடுவாவில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் இனியே, திலாப்பியாவில் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் அகலாக்டியே. இரண்டுமே மூளைக்குள் புகுந்துவிடும், மீன் சுற்றுவது அதனால்தான். தண்ணீர் 28, 30 பாகையைத் தாண்டும்போது இவற்றின் கொட்டம் கூடும். ஆனால் சந்தேகத்தை வைத்துத் தடுப்பூசி செய்ய முடியாது. உவர்ப்புக் கூடிய தண்ணீரில் விப்ரியோ ஹார்வேயியும் கண்ணைக் கெடுக்கும், தோலில் புண் வைக்கும். குளத்து மீனில் ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா வயிற்றை வீங்க வைக்கும், கண்ணையும் பிதுக்கும். கொடுவாக் குஞ்சு சின்னதாக இருக்கும்போது சுற்றிச் சுற்றிச் செத்தால் அது பக்டீரியாவே இல்லாமல், நரம்பைத் தாக்கும் நோடா வைரஸாகவும் இருக்கலாம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே சாவு. ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றதைத் தடுக்காது.

ஆய்வுகூடத்தில் இதை எப்படிப் பிரித்தறிகிறோம் என்று சொல்கிறேன், பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. சாகும் தறுவாயில் இருக்கும் மீனை எடுத்து, தலையின் மேற்புறத்தை மதுசாரத்தால் துடைத்து, மண்டை ஓட்டை மெல்லத் திறக்கிறோம். சுட்டு ஆறவைத்த கம்பி வளையத்தால் மூளையைத் தொட்டு, பக்டீரியா வளர்க்கும், குருதி கலந்த அகார் தட்டில் கோடு இழுக்கிறோம். இன்னொரு தட்டு சிறுநீரகத்துக்கு, அது முள்ளந்தண்டோடு ஒட்டிக் கருஞ்சிவப்பாக இருக்கும். 28 பாகையில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால் தட்டில் குண்டூசித் தலையை விடச் சிறிய வெண்புள்ளிகள் முளைக்கும். குருதியைக் கரைக்கும் வகை என்றால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் தெளிந்த வட்டம் தெரியும். அந்தப் புள்ளியில் ஒரு துளி எடுத்து பக்டீரியாவை வகை பிரிக்கும் ‘கிராம்’ சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஊதா நிற உருண்டைகள் சங்கிலியாகக் கோத்து நிற்கும். இவ்வளவும் தெரிந்தால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்று சொல்லலாம். இனியேயா அகலாக்டியேயா, அதில் எந்த உபவகை என்பதற்கு கிருமியின் மரபுப்பொருளைப் பார்க்கும் பிசிஆர் சோதனை வேண்டும்.

செத்து வெயிலில் ஊறிய மீனைக் கொண்டுவந்தால் இது ஒன்றும் நடக்காது. சில மணி நேரத்துக்குள் தண்ணீரில் உள்ள கண்ட கண்ட பக்டீரியா எல்லாம் உடம்புக்குள் போய்விடும். தட்டு நிறைய ஏதேதோ வளரும், கொன்றது எது என்று சொல்ல முடியாது.

உபவகையை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸின் மேல் சர்க்கரைப் பொருளால் ஆன ஓர் உறை இருக்கிறது. மீனின் உடம்பு பக்டீரியாவை அடையாளம் பிடிப்பது பெரும்பாலும் இந்த உறையைப் பார்த்துத்தான். அது பக்டீரியா போட்டிருக்கும் சட்டை மாதிரி. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால், ஊசி போட்ட மீனுக்கும் ஆளைத் தெரியாது. இது கற்பனை இல்லை. இஸ்ரேலில் 1990களின் நடுப்பகுதியில் ட்ரவுட் மீனுக்கு இனியே தடுப்பூசி போட்டார்கள். முதலில் நோய் அடங்கியது. சில வருடத்தில் வேறொரு வகை கிளம்பி, ஊசி போட்ட மீன்களையே கொன்றது. அவுஸ்திரேலியாவில் நம்முடைய கொடுவாவையே பரமுண்டி என்று வளர்க்கிறார்கள். அங்கேயும் பண்ணையின் சொந்தக் கிருமியில் செய்த தடுப்பூசியைத் தாண்டிக்கொண்டு, உறை மாறிய வகைகள் வந்தன. அகலாக்டியேயிலும் மீனைத் தாக்குபவை முக்கியமாக ஐஏ, ஐபி, மூன்று என்று உறை வகைகளாகப் பிரிந்து கிடக்கின்றன. வெளிநாட்டுக் கம்பனியின் திலாப்பியாத் தடுப்பூசி ஒரு வகைக்குச் செய்யப்பட்டிருக்க, உங்கள் மச்சானின் குளத்தில் இருப்பது இன்னொரு வகை என்றால், போட்ட காசு தண்ணீரில்தான்.

நம் வாவி இந்த விஷயத்தில் இன்னும் சிக்கலானது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. மாரியில் வெள்ளம் வந்தால் தண்ணீர் நன்னீர் போலாகிவிடும். முகத்துவாரம் வெட்டியதும் ஒரே நாளில் மட்டம் இறங்கும், உவர்ப்பும் மாறும். கோடையில் முகத்துவாரத்துக்குக் கிட்ட ஒரு தண்ணீர், உள்ளே ஒரு தண்ணீர். ஆகவே ஒரு கூட்டில் விப்ரியோவும் சில மைல் தள்ளிய கூட்டில் ஸ்ட்ரெப்டோகொக்கஸும் கொல்லலாம். ஒரே கூட்டில் மாசியில் ஒன்று, ஆடியில் இன்னொன்று என்றும் வரலாம். ஒரு தடவை ஒரு மீனைச் சோதித்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. இடம் இடமாக, பருவம் பருவமாகக் கிருமியைச் சேர்க்க வேண்டும்.

கிருமி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் திரவ ஊட்டத்தில் வளர்த்து, கிட்டத்தட்ட அரை வீதம் போர்மலின் சேர்த்து ஒரு நாள் வைத்தால் பக்டீரியா செத்துவிடும், அதன் உருவமும் மேலுறையும் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். போர்மலின் கூடினால் உறையே சிதைந்து, ஊசி வேலை செய்யாது. குறைந்தால் சில உயிரோடு மிஞ்சி, ஊசியாலேயே நோய் பரப்பிவிடுவோம். அதனால் தட்டில் போட்டு, ஒன்றும் முளைக்கவில்லை என்று உறுதி செய்யாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. பிறகு கழுவி, மில்லிலீற்றருக்கு 10 கோடி முதல் 100 கோடி வரை பக்டீரியா இருக்குமாறு அளவாக்குவார்கள். எண்ணெய் சேர்த்தால் பாதுகாப்பு நீண்ட காலம் நிற்கும், ஆனால் வயிற்றுக்குள் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உயிருள்ள ஆனால் வலுவிழக்கச் செய்த பக்டீரியாவைக் கொண்டும் தடுப்பூசி உண்டு. அமெரிக்காவில் கெளிற்று மீனுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. திறந்த வாவிக்குள் அதைக் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன்.

செய்த மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் செலவான பகுதி. ஊசி போட்ட மீன் ஒரு தொட்டி, போடாத மீன் ஒரு தொட்டி. இரண்டுக்கும் உயிருள்ள கிருமியைக் கொடுத்துச் சாவை எண்ண வேண்டும். ஊசி போடாத 100 மீனில் 70 செத்து, போட்ட 100இல் 14 செத்தால், 14ஐ 70ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழியுங்கள். 80 வீதம் பாதுகாப்பு. போடாத தொட்டியில் 60 வீதமாவது சாக வேண்டும், பாதுகாப்பும் 60 வீதத்துக்குக் குறையக்கூடாது என்பது பழைய அளவுகோல். வெறும் பத்து மீன் செத்த பரிசோதனையைக் காட்டி “எங்கள் மருந்து நூறு வீதம்” என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். இந்தச் சோதனையின் தண்ணீரைக் கிருமிநீக்காமல் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது. வீட்டிலோ வாவிக்கரையிலோ செய்து பார்க்கும் வேலை இது இல்லை, தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

ஊசி போடும் நேரமும் முக்கியம். மீனுக்கு நம்மைப் போல எலும்பு மச்சை வேலை செய்வதில்லை. தலைப்பக்கச் சிறுநீரகமும் மண்ணீரலும்தான் கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரியை உண்டாக்குகின்றன, அதன் வேகம் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. அதனால் பாதுகாப்பு வரும் காலத்தை நாளோடு சூட்டைப் பெருக்கிக் கணக்கிடுவார்கள். குளிர்நாட்டில் சால்மனுக்கு 400, 500 பாகை-நாள் என்று வைக்கிறார்கள். நம் தண்ணீர் 28 பாகை என்றால் 14 நாளில் 392 ஆகிவிடும். அங்கே மாதக்கணக்கில் காத்திருப்பது இங்கே இரண்டு, மூன்று கிழமைக்குள் முடியும். இந்த விஷயத்தில் நம் வெயில் நமக்கு உதவுகிறது. மாரி வெள்ளம் வடிந்து உவர்ப்பு நிலைப்பட்டபின், கச்சானுக்கு முன்னால் ஊசியை முடித்துவிட வேண்டும். சாவு தொடங்கியபின் போடுவது வீண், கையாளும் அலைச்சலில் இன்னும் சாகும்.

குஞ்சு 15, 20 கிராமுக்கு வந்தபின்தான் ஊசி. முதல் நாள் தீனி நிறுத்தி, குடல் காலியாக இருக்க வேண்டும். கராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயங்கவிட்டு, வயிற்றை மேலே திருப்பி, வயிற்றுச் செட்டைக்குச் சற்றுப் பின்னால் நடுக்கோட்டில் 0.1 மில்லிலீற்றர். ஊசிமுனை தசையைத் தாண்டி உள்ளறைக்குப் போக வேண்டும், குடலைத் தொடக்கூடாது. பழகிய கை மணிக்கு ஆயிரம் மீனுக்குக் கிட்டப் போடும். எண்ணெய் மருந்து தவறிக் கைவிரலில் ஏறிவிட்டால் வலி இல்லையென்று இருந்துவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இன்ன மருந்து ஏறியது என்று சொல்லுங்கள். விரலே போயிருக்கிறது சிலருக்கு.

சின்னக் குஞ்சுக்குத் தடுப்பூசித் தண்ணீரில் அரை நிமிடம், ஒரு நிமிடம் முக்கி எடுக்கும் முறை உண்டு. கொடுவாவின் இனியேக்கு எதிராகத் தென்கிழக்காசியாவில் அப்படி ஒரு வியாபார மருந்தே இருக்கிறது. பாதுகாப்புக் குறைவு, காலமும் குறைவு, ஆனால் குஞ்சுப் பண்ணையிலேயே முடித்துவிடலாம். நோடா வைரஸுக்கு எதிராகச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் கொடுவாவுக்கென்று ஒரு தடுப்பூசி செய்திருக்கிறது. தண்ணீர் தாண்டினால் அந்தக் கரை, அங்கே முடிந்தது இங்கே முடியாததில்லை.

உன்னிச்சை, சேனாநாயக்க சமுத்திரம் போன்ற குளங்களில் விடும் குஞ்சுகளுக்கு ஊசி தேவையா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். பரந்த குளத்தில் மீன் நெருக்கமில்லை, குஞ்சின் விலையை விட ஊசிச் செலவு கூடும். கூட்டில் நெருக்கி வளர்க்கும்போதுதான் இது கட்டும். வாகரைப் பக்கம் இறால் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இறாலுக்குப் பிறபொருளெதிரி உண்டாக்கும் அமைப்பே இல்லை. “இறால் தடுப்பூசி” என்று யாராவது போத்தலை நீட்டினால் வாங்காதீர்கள்.

இங்கே செய்ய முடியுமா என்ற கேள்விக்கு மறுபடி வருகிறேன். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பேராதனையில் கால்நடை மருத்துவ பீடம் இருக்கிறது. கன்னொருவையில் கால்நடைக்குத் தடுப்பூசி செய்கிற ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. மாட்டுக்குத் தடுப்பூசி செய்யத் தெரிந்த நாட்டுக்கு மீனுக்குச் செய்யத் தெரியாமல் போகாது. இல்லாதது கிழக்கின் கிருமிச் சேமிப்பு. மைனஸ் 80 பாகையில் ஒரு குளிர்பெட்டி, ஒவ்வொரு குப்பியிலும் எந்தக் கூடு, எந்த மாதம், எந்த மீன் என்ற குறிப்பு. நான்கைந்து பருவத்துக்கு அப்படிச் சேர்த்தால், எந்த இரண்டு வகையை ஒரே ஊசியில் அடக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஊகிக்காமல் சொல்லலாம். அதைப் பல்கலைக்கழகம் மட்டும் செய்ய முடியாது, மீன் உங்களிடம்தான் இருக்கிறது. பண்ணைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் நீருயிரின வளர்ப்பு அதிகார சபையின் மாவட்ட அலுவலகம் காது கொடுக்காமல் இருக்காது.

அடுத்த தடவை மீன் சுற்றத் தொடங்கினால் செத்ததை எடுக்காதீர்கள். சுற்றிக்கொண்டிருக்கும் ஐந்தாறு மீனையும், அதே கூட்டில் நன்றாக இருக்கும் இரண்டு மீனையும் ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பையில் உயிரோடு கொண்டுபோங்கள். உயிரோடு முடியாவிட்டால் பையில் கட்டி ஐஸ்பெட்டியில், உறையவிடாமல், அன்றைக்கே. மருந்துத் தீனி போடுவதற்கு முன்னால் எடுத்த மீனாக இருக்க வேண்டும், போட்டபின் எடுத்தால் தட்டில் ஒன்றும் முளைக்காமல் போகலாம். ஒரு துண்டுக் காகிதத்தில் திகதி, இடம், தண்ணீர்ச் சூடு, உவர்ப்பு, குஞ்சு எங்கே வாங்கியது, கடைசியாக என்ன மருந்து போட்டது, நேற்றும் இன்றும் எத்தனை செத்தது என்று எழுதுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இனியே மீனைக் கையாளும் ஆட்களின் காயத்துக்குள்ளும் புகும். அகலாக்டியேயின் ஒரு வகை 2015இல் சிங்கப்பூரில் பச்சையாக நன்னீர் மீன் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. நன்றாகச் சமைத்தால் பயமில்லை. செத்த மீனை வாவியில் எறியாமல் கரையில் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள், அடுத்த கூட்டுக்காரருக்கும் அதே வாவித் தண்ணீர்தானே.